கோப்பு அங்கேதான் இருந்தது

ஜாவா மொழியில் எழுதிய வலைச் செயலி எழுந்து நிற்பதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தேடும். தரவுத்தளம் எந்த முகவரியில் இருக்கிறது, எந்தப் பயனர் பெயரில் அதற்குள் நுழைவது, மின்னஞ்சல் எந்த வழியாகப் போகும், பதிவேடுகளை எங்கே எழுதுவது. இந்த விடைகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிடாமல் தனிக் கோப்பில் வைப்பது வழக்கம். தமிழில் அதை அமைவுக் கோப்பு என்பார்கள். கோலாலம்பூர் அலுவலகப் பேச்சில் வெறும் ‘கான்ஃபிக்’. செயலி அந்தக் கோப்பைக் காணாமல் தடுக்கி விழுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய கோளாறுகளில் ஒன்று. கோலாலம்பூரின் பங்சாரில், ஜாலான் தெலாவி பக்கத்துக் கடைவீட்டு மாடி ஒன்றில், 2006-ஆம் ஆண்டில் ஏறக்குறைய பத்து மாதம் ஒரு சிறு குழு இதன் முகங்களை ஒவ்வொன்றாகச் சந்தித்தது. ஒரே ஒருமுறை தவிர, ஒவ்வொரு முறையும் கோப்பு அங்கேதான் இருந்தது.

குழுவில் ஐந்து பேர். வேலை, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கான உறுப்பினர் பதிவேடு. மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழியிலும் திரை காட்ட வேண்டும். எழுதுவது மேசை மேலிருந்த விண்டோஸ் கணினிகளில். ஓடப்போவது சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்திலிருந்த லினக்ஸ் சேவையகத்தில். மல்டிமீடியா பெருவழித் திட்டம் 1996-இல் தொடங்கியதிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ சிறு நிறுவனங்கள் இப்படித்தான் இயங்கின: நிரல் எழுதுவது நகரத்துக் கடைவீட்டில், ஓட்டுவது தெற்கே சைபர்ஜெயாவில். கோளாறுகளில் பாதி அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து வந்தன.

முதல் கோளாறு, செயலியை முதன்முதலாகச் சேவையகத்தில் ஏற்றிய இரவு. பதிவேட்டின் கடைசி வரிகளில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’ என்ற பிழை. கோப்பின் பெயர் சரி, எழுத்துப் பிழை இல்லை. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் கோப்பும் இருக்கிறது. எழுதிய இளைஞர் அதைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து காட்டினார். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோன மூத்த நிரலாளர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் கேட்டது ஒரே கேள்வி: “இருக்குது சரி தம்பி, அது எங்க நின்னுக்கிட்டுத் தேடுது?”

நிரலில் எழுதியிருந்த பாதை சார்புப் பாதை. ‘கான்ஃபிக்’ என்ற கோப்புறைக்குள் ‘டிபி.ப்ராப்பர்ட்டீஸ்’ என்று மட்டும் இருந்தது. எந்த இடத்திலிருந்து என்று இல்லை. ஜாவாவின் ‘ஃபைல்’ வகுப்பு இப்படிப்பட்ட பாதையைப் பெற்றால், அந்த ஓட்டம் எந்தக் கோப்புறையில் தொடங்கப்பட்டதோ அங்கிருந்து அதை அளக்கும். ‘யூசர்.டிர்’ என்ற பண்பில் அந்த இடத்தின் பெயர் இருக்கும். மாமாக் கடைக்கு இரண்டு கடை தள்ளி என்று வழி சொல்வதைப் போன்றது இது. சொல்பவரும் கேட்பவரும் ஒரே மாமாக் கடையை நினைக்கும்வரை சிக்கல் வராது.

இளைஞர் தம் கணினியில் எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவிக்குள் அந்த வகுப்பைத் தனி நிரலாக ஓட்டிப் பார்த்திருந்தார். அப்போது தொடங்கும் இடம் திட்டக் கோப்புறை. கான்ஃபிக் அதற்குள்ளேயே இருந்தது. அதே நிரல், வலைச் செயலிகளை ஓட்டும் மென்பொருளான டாம்கேட்டுக்குள் ஓடும்போது நிற்கும் இடம் மாறிவிடுகிறது. விண்டோஸில் தொடக்கக் கோப்பை இரட்டைச் சொடுக்கால் எழுப்பினால் டாம்கேட்டின் ‘பின்’ கோப்புறை. விண்டோஸ் சேவையாக எழுப்பினால், வேறிடம் என்று தனியே சொல்லாதவரை, ‘சிஸ்டம்32’. லினக்ஸில், நிர்வாகி எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு கட்டளையைத் தட்டினாரோ அது. ஆகவே திங்கட்கிழமை ஓடிய செயலி, செவ்வாய்க்கிழமை வேறொருவர் வேறு கோப்புறையிலிருந்து மறுதொடக்கம் செய்தபின் ஓடாமல் போகும். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. வலைச் செயலியில் சார்புப் பாதையை ‘ஃபைல்’ வகுப்பிடம் கொடுப்பது தவறு என்றே கொள்ள வேண்டும். அது சில நாள் வேலை செய்வதுதான் அதன் ஆபத்து.

சரியான முறையைப் புரிந்துகொள்ள, செயலியின் பொட்டலத்தை அறிய வேண்டும். ஜாவா வலைச் செயலிகளுக்கென்று 1999-இல் வந்த செர்வ்லெட் 2.2 வரையறை ‘வார்’ என்ற பொட்டல வடிவத்தை நிலைப்படுத்தியது. உள்ளே ‘வெப்-இன்ஃப்’ என்றொரு கோப்புறை; உலாவி வழியாக அதற்குள் இருப்பதை யாரும் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. அதற்குள் ‘வெப்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பும், தொகுத்த வகுப்புகளுக்கு ‘கிளாஸஸ்’ கோப்புறையும், நூலக ஜார்களுக்கு ‘லிப்’ கோப்புறையும் இருக்கும். இந்த இரண்டு கோப்புறைகளும் சேர்ந்ததே செயலி தன் வகுப்புகளைத் தேடும் பாதை, அதாவது கிளாஸ்பாத். அமைவுக் கோப்பை ‘கிளாஸஸ்’ கோப்புறையில் வைத்து, வகுப்புகளை ஏற்றித் தரும் வகுப்பேற்றியிடம் அதைக் கேட்டு வாங்கினால், ஓட்டம் எங்கே தொடங்கியது என்ற கேள்வியே எழாது. பொட்டலம் எங்கே போனாலும் கோப்பு கூடவே போகும்.

கேட்கும் முறையில் ஒரு சாய்கோடு பலரின் இரவுகளைத் தின்றிருக்கிறது. ‘கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம்’ என்ற ஒரே பெயரில் மூன்று வாசல்கள் உண்டு. வகுப்பிடம் கேட்டால், முன்னால் சாய்கோடு இல்லாத பெயரை அந்த வகுப்பு இருக்கும் தொகுப்புக்குள் தேடும். சாய்கோடு இருந்தால் கிளாஸ்பாத்தின் வேரிலிருந்து தேடும். வகுப்பேற்றியிடம் கேட்டால் எப்போதும் வேரிலிருந்துதான். அங்கே முன்னால் சாய்கோடு போடக்கூடாது, போட்டால் கிடைக்காது. செர்வ்லெட் சூழலிடம் கேட்டால் சாய்கோட்டில்தான் தொடங்க வேண்டும். அந்தச் சாய்கோடு குறிப்பது செயலியின் வேர், கிளாஸ்பாத்தின் வேர் வேறு. ஒரு வாசலுக்கு எழுதியதை இன்னொரு வாசலுக்கு நகலெடுத்து ஒட்டினால் கோப்பு மறைந்துவிடும். மூன்றில் எதுவுமே கோப்பு இல்லை என்று பிழை எழுப்புவதில்லை. வெறுமனே ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் அடுத்த வரி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பொருளுக்குள் ஏற்ற முயலும். ‘நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன்’ வெடிக்கும். பிழையின் பெயரில் கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பங்சார் குழு இப்படியொரு பிழைக்காகத் தரவுத்தள இணைப்பை முழுநாள் துருவியது. ஞாயிற்றுக்கிழமை அது, கீழே தெருவில் இரவுச் சந்தையான பாசார் மாலாம் கூடி, கலைந்து, குப்பை வண்டி வரும்வரை. திரும்பி வரும் மதிப்பை அந்த இடத்திலேயே சோதித்து, தேடிய பெயரோடு பிழை எழுப்பும் இரண்டு வரியை எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கோப்பைச் சரியான இடத்தில் வைத்ததாக நினைப்பதும் அது உண்மையில் அங்கே போய்ச் சேர்வதும் வேறு வேறு. பொட்டலம் கட்டும் மேவன் கருவி ‘எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா’ கோப்புறையிலிருந்து ஜாவா நிரல்களை மட்டும் தொகுக்கும். அங்கே நிரலின் பக்கத்தில் வைத்த எக்ஸ்எம்எல், ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளை அது தொடாது. அவை ‘எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்’ கோப்புறையில் இருந்தால்தான் பொட்டலத்துக்குள் போகும். எக்லிப்ஸ் தன் சொந்த வழியில் தொகுக்கும்போது நிரலின் பக்கத்திலிருந்த கோப்பையும் சேர்த்து நகலெடுத்துவிடும். அதனால் மேசையில் ஓடியது, மேவனால் கட்டிய பொட்டலத்தில் ஓடவில்லை. எக்லிப்ஸ் தரும் இன்னொரு குழப்பம், அதற்குள்ளிருந்து டாம்கேட்டை எழுப்பினால் செயலி டாம்கேட்டின் ‘வெப்ஆப்ஸ்’ கோப்புறைக்குப் போவதில்லை, பணியிடத்தின் ‘.மெட்டாடேட்டா’ கோப்புறைக்குள் ஆழமாக ‘டபிள்யூடிபிவெப்ஆப்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். ‘வெப்ஆப்ஸ்’ கோப்புறைக்குள் கோப்பைத் திருத்தித் திருத்தி, எதுவும் மாறவில்லையே என்று அலுத்துப்போவது புதிதாக வருவோரின் அனுபவம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது. ‘ஜார் டிஎஃப்’ என்ற கட்டளை வார் கோப்பினுள் இருக்கும் எல்லாப் பெயர்களையும் வரிசையாகக் காட்டிவிடும். மூலக் கோப்புறையைப் பார்த்துவிட்டு “இருக்கு அக்கா” என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவில் அடுத்து வரும் சொல் “பொட்டலத்தில காட்டு” என்பது. ஓரிரு மாதத்தில் அது எல்லாருக்கும் கைப்பழக்கமானது.

எழுத்தின் அளவும் ஒரு மறைவிடம். விண்டோஸின் கோப்பமைப்பு வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். கோப்பின் பெயரில் ‘டி’யும் ‘பி’யும் பெரிய ஆங்கில எழுத்துகள், நிரலில் சிறியவை என்றால், பங்சாரில் திறந்த கோப்பு சைபர்ஜெயாவில் திறக்காது. ஜார் பொட்டலத்துக்குள் இருக்கும் பெயர்கள் விண்டோஸிலும் எழுத்தளவைக் கறாராகப் பார்க்கும் என்பதால், வெளியே கிடைத்த கோப்பு ஜாரில் வைத்ததும் காணாமல் போவதுண்டு. எல்லாப் பெயரும் சிறிய எழுத்தில் என்று ஒரு விதி போட்டதோடு அது முடிந்தது. விண்டோஸ் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்துவைப்பதால், நோட்பேடில் சேமித்த ‘வெப்.எக்ஸ்எம்எல்’ உண்மையில் ‘வெப்.எக்ஸ்எம்எல்.டிஎக்ஸ்டி’யாக இருந்ததும் ஒருமுறை நடந்தது.

பிழைச் செய்தியை முழுதாகப் படிக்காததால் வீணான நேரத்துக்குக் கணக்கில்லை. ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’ என்ற பெயர் கோப்பு இல்லாதபோது மட்டும் வருவதில்லை. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இயங்குதளம் சொல்லும் காரணம் இருக்கும்: அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை, அனுமதி மறுக்கப்பட்டது, இது கோப்புறை. இரண்டாவது காரணம் வந்தால் பாதையைத் தேடுவதில் பயனில்லை. சேவையகத்தில் டாம்கேட் தனக்கென்று ஒரு பயனர் பெயரில் ஓடியது. கோப்பை ஏற்றியவர் நிர்வாகியாக ஏற்றி, மற்றவர் படிக்காதபடி அனுமதி வைத்திருந்தார். நிர்வாகியாக நுழைந்து பார்ப்பவருக்குக் கோப்பு நன்றாகத் திறக்கும். டாம்கேட்டின் கண்ணுக்குக் கதவு பூட்டியிருக்கும். யாராக இருந்துகொண்டு பார்ப்பது என்பதும், எங்கிருந்து பார்ப்பது என்ற அதே கேள்வியின் மறுபாதி.

பயன்படுத்திய சட்டகங்களுக்குத் தனித்தனிப் பழக்கங்கள் உண்டு. ஸ்பிரிங், வேறு சொல்லாவிட்டால், ‘வெப்-இன்ஃப்’ கோப்புறையில் ‘அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பைத் தேடும். அதன் டிஸ்பாச்சர் செர்வ்லெட், வெப்.எக்ஸ்எம்எல்லில் தனக்கு வைத்த பெயரோடு ‘-செர்வ்லெட்’ என்று ஒட்டி இன்னொரு கோப்பைத் தேடும். வெப்.எக்ஸ்எம்எல்லில் செர்வ்லெட்டின் பெயரை யாராவது அழகுபடுத்தி மாற்றினால் கோப்பு தொலைந்தது. கிளாஸ்பாத்தில் வைத்திருந்தால் பெயருக்கு முன் ‘கிளாஸ்பாத்:’ என்று எழுத வேண்டும். ஹைபர்நேட் தன் கோப்பைக் கிளாஸ்பாத் வேரில் எதிர்பார்க்கும். பதிவேடு எழுதும் அன்றைய லாக்4ஜே மட்டும் கோப்பு கிடைக்காவிட்டாலும் செயலியை நிறுத்தாது. எழுதும் இடம் எதுவும் அமைக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கையை உதிர்த்துவிட்டு அமைதியாகிவிடும். அதற்குப்பின் மற்ற எந்தப் பிழைக்கும் பதிவு இருக்காது. ஆகவே பதிவேட்டின் அமைவுக் கோப்பை எல்லாவற்றுக்கும் முதலில் சரிபார்ப்பது நல்லது.

வார் பொட்டலத்தை டாம்கேட் வழக்கமாக விரித்துவைத்தே ஓட்டும். விரிக்காமல் ஓட்டும்படி சேவையகத்தை அமைத்திருந்தால், வட்டில் அந்தக் கோப்புக்கென்று பாதையே கிடையாது. ‘கெட் ரியல் பாத்’ வெற்று மதிப்பைத் தரும். விரித்த கோப்புறையையும் நம்ப முடியாது. ஓர் இரவு சங்கத்தின் தரவுத்தளக் கடவுச்சொல் மாறியது. சேவையகத்தில் விரித்த கோப்புறைக்குள் நேரடியாகப் போய் அமைவுக் கோப்பைத் திருத்திச் செயலியை எழுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துப் புதிய பொட்டலம் ஏற்றப்பட்டது. டாம்கேட் பழைய கோப்புறையை அழித்துப் புதியதை விரித்தது. பழைய கடவுச்சொல் மறுபடி வந்து உட்கார்ந்தது. திருத்திய கோப்பு இம்முறை உண்மையாகவே இல்லாமல் போயிருந்தது. பத்து மாதத்தில் ஒரே ஒருமுறை.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும்போது வருவது இதைவிடச் சங்கடமானது, ஏனென்றால் பிழை எதுவும் வராது. பங்சார்வாசிகளுக்கு இது எளிதில் விளங்கும். ‘தெலாவி’ என்ற பெயரில் எண்ணிட்ட தெருக்கள் பல அடுத்தடுத்து இருக்கின்றன. எண்ணைத் தவறவிட்ட தபால்காரர் தவறான தெருவில் சரியான கதவெண்ணைத் தட்டுவார். கம்போங் கெரிஞ்சியில் எழுந்த கட்டடத் தொகுதிக்குப் பின்னாளில் பங்சார் சவுத் என்று பெயர் வந்தபோது, பங்சாருக்கு வர வேண்டியவர்கள் அங்கே போய் நின்றார்கள். செயலியிலும் அப்படித்தான்: ஒரு நூலக ஜாருக்குள் அதன் ஆசிரியர் மறந்து விட்டுவைத்த ‘லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸ்’ இருக்கும். டாம்கேட்டின் வகுப்பேற்றி செயலியின் ‘கிளாஸஸ்’ கோப்புறையை முதலில் பார்க்கும், பிறகு ‘லிப்’ ஜார்களை. நம்முடைய கோப்பு ‘கிளாஸஸ்’ கோப்புறையில் இருந்தால் வெல்லும். அதையும் ஜாருக்குள் வைத்திருந்தால் எந்த ஜார் முந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘கெட் ரிசோர்ஸ்’ முறையை அழைத்து, அது தரும் முழு முகவரியை அச்சிட்டால், கையில் இருப்பது எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும்.

தமிழ்த் திரைக்கான கோப்பு தனிக்கதை. ஜாவா, மொழிச் சொற்களை ‘மெசேஜஸ்’ போன்ற ஓர் அடிப்பெயரோடு மொழிக் குறியீட்டை ஒட்டிய கோப்புகளில் தேடும்: மலாய்க்கு ‘எம்எஸ்’, தமிழுக்கு ‘டிஏ’. தமிழ்க் கோப்பு கிடைக்காவிட்டால் கணினியின் இயல்பு மொழிக்கும், பிறகு அடிப்பெயர்க் கோப்புக்கும் நகர்ந்துவிடும். ஒரு சத்தமும் இல்லாமல் திரை ஆங்கிலத்தில் வரும். சங்க அலுவலகத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் வரிசையில் நின்ற ஒரு காலையில்தான் அது தெரியவந்தது. கோப்பின் பெயரில் அடிக்கோடுக்குப் பதில் இடைக்கோடு இருந்தது. பெயரைத் திருத்தியதும் தமிழ் வந்தது, ஆனால் சிதைந்த எழுத்துக் குப்பையாக. ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை ஜாவா அன்று மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 குறிமுறையில் படித்தது. ‘க’ என்று எழுத 0பி95 என்ற யூனிகோடு எண்ணை எழுத வேண்டியிருந்தது. அதற்காக ‘நேட்டிவ்2ஆஸ்கி’ என்ற கருவி ஜாவாவோடு வந்தது. மாற்றிய கோப்பை மனிதர் யாரும் படிக்க முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்த மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் உருவான நாட்டில், யூனிகோடில் தமிழ் சரளமாகத் தட்டத் தெரிந்தவர்கள் ‘வணக்கம்’ என்ற சொல்லை எண்களாக உடைத்துக்கொண்டிருந்தது வருத்தமான காட்சி. 2017-இல் வந்த ஜாவா 9 மொழிச்சொல் கோப்புகளை யூடிஎஃப்-8 குறிமுறையில் படிக்கத் தொடங்கியது. ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பொருளுக்குள் நேரடியாக ஓடையிலிருந்து ஏற்றினால் இன்றும் பழைய குறிமுறைதான். அண்டை நாட்டு மொழிக்கும் ஒரு பொறி இருந்தது: இந்தோனேசியத்துக்கு ‘ஐடி’ என்று கொடுத்தாலும் ஜாவா அதைப் பழைய குறியீடான ‘ஐஎன்’ என்று மாற்றிக்கொண்டு தேடியது. 2021-இல் ஜாவா 17 வந்தபோதுதான் அது சீரானது.

எதற்கும் பிடிகொடுக்காத கோளாற்றுக்கு, செயலியிடம் கேட்பதை விட்டுவிட்டு இயங்குதளத்திடம் கேட்பது வழி. லினக்ஸில் ‘எஸ்ட்ரேஸ்’ கட்டளை, ஓட்டம் திறக்க முயலும் ஒவ்வொரு கோப்பின் பாதையையும், கிடைத்ததா இல்லையா என்பதையும் வரி வரியாகக் காட்டும். விண்டோஸில் அதே வேலையை 2006 முதல் ‘பிராசஸ் மானிட்டர்’ செய்கிறது. ஜாருக்குள் நடக்கும் தேடலை இவை காட்டமாட்டா. ஜாரைத் திறந்ததுவரை தெரியும்.

கடைசியாக அமைவுக் கோப்பு பொட்டலத்தைவிட்டு வெளியே போனது. கடவுச்சொல் இரவு கற்பித்தது அது. மாறாத அமைவுகள் ‘கிளாஸஸ்’ கோப்புறையிலேயே இருந்தன. இடத்துக்கு இடம் மாறுபவை, கடவுச்சொல், முகவரி போன்றவை, சேவையகத்தில் ‘இடிசி’ கோப்புறைக்குக் கீழே ஒரு கோப்பில் அமர்ந்தன. டாம்கேட் பயனர் மட்டும் படிக்கும் அனுமதியோடு. அதன் முழுப் பாதையை டாம்கேட்டின் ‘செட்என்வி.எஸ்எச்’ கோப்பில் ஓர் அமைப்புப் பண்பாகக் கொடுத்தார்கள். பொட்டலம் எத்தனைமுறை மாறினாலும் அந்தக் கோப்பைத் தொடாது. பின்னாளில் ஸ்பிரிங் பூட் போன்றவை இதே ஏற்பாட்டைத் தம் இயல்பாகவே கொண்டுவந்தன: பொட்டலத்துக்குள் ஒரு கோப்பு, வெளியே இன்னொன்று இருந்தால் அது உள்ளிருப்பதை வெல்லும். ஸ்பிரிங் பூட்டிலும் ‘வெளியே’ என்பது ஓட்டம் தொடங்கிய கோப்புறையிலிருந்து அளக்கப்படுகிறது.

செயலி எழும்போது ஓடும் முதல் துண்டு நிரலாக அக்கா ஒன்றை எழுதிவைத்தார். தேவையான ஒவ்வொரு அமைவுக் கோப்புக்கும் முழு முகவரி, படிக்க முடிகிறதா, ஓட்டம் தொடங்கிய கோப்புறை, ஓட்டுகின்ற பயனர் பெயர் ஆகிய நான்கையும் அது பதிவேட்டில் எழுதும். ஒன்று குறைந்தாலும், எதைத் தேடியது, எங்கே தேடியது என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தும். நாற்பது வரிகூட இல்லாத அந்தத் துண்டு, அந்த அலுவலகம் அடுத்து எடுத்த செயலிகளிலும் முதல் நாளே சேர்க்கப்பட்டது.